பானையை யார் நிரப்புகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்ததிலிருந்து மாவட்டப் பக்கங்களில் தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழாப் படங்கள் வரிசை கட்டி வருகின்றன. சால்வை, தர்பூசணிக் கீற்று, மோர் டம்ளரை நீட்டும் ஒரு கை, அந்தக் கையைத் தொட்டபடி இன்னும் பத்துக் கைகள். இணைப்பிதழ்களைப் புரட்டினால் அன்றாட வாழ்வில் ஆன்மிகத்தைக் கொண்டுவருவது எப்படி என்ற கட்டுரைகள். இரண்டையும் ஒரே நாளில் படிக்கும்போது, இவை பேசும் காரியம் ஏற்கெனவே பல வீட்டு வாசல்களில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறதே என்றுதான் தோன்றுகிறது.

கோடையில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அதே கையோடு பானையையும் கழுவி நிரப்பிவிட்டு உள்ளே போகிறவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "வெயில் காலமாச்சே" என்பதற்கு மேல் பதில் வராது. அந்தப் பதிலில் புண்ணியம் இல்லை, சேவை இல்லை. பாத்திரம் கழுவுவது, விளக்கேற்றுவது போன்ற வேலைகளின் வரிசையில் அதுவும் ஒன்று. அப்படி வைத்த பானை பங்குனி முதல் ஆனி வரை நிற்கிறது. பதாகை கட்டி வைத்த பானை பத்தாம் நாள் கவிழ்ந்து கிடக்கிறது. ஏன் என்பதற்குத் தத்துவத்தைவிட நடைமுறையில்தான் பதில் அதிகம் இருக்கிறது. அதனால் பானையிலிருந்தே தொடங்குகிறேன்.

பானை குளிர்விப்பது அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக. உள்ளே இருக்கும் நீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகி ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைப் பானையும் அதிலுள்ள நீருமே கொடுக்கின்றன. 20 லிட்டர் பானையிலிருந்து 200 மில்லி ஆவியானால், வெளிச் சூடு உள்ளே ஏறாதவரை, மீதி நீரின் வெப்பம் ஆறு டிகிரி அளவுக்கு இறங்கும். இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, வண்ணம் அடித்து வார்னிஷ் பூசிய அழகுப் பானை குளிராது, துளைகள் அடைபட்டுவிட்டன. விழாப் பந்தல்களில் கட்சிக் கொடி நிறத்தில் பானைக்கு பெயிண்ட் அடிப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு, பானைக்கு நிழல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மூன்று பக்கமும் துணி மறைத்த ஷாமியானாவுக்குள் வைத்தால் வியர்த்து நிற்குமே தவிரக் குளிராது. தென்னங்கீற்றுக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஈர மணல், பானையைச் சுற்றி நனைத்த கோணிச் சாக்கு. இவ்வளவுதான் தேவை. கரூர், திருச்சி, வேலூர் பக்கத்து உலர்ந்த காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் கடற்காற்றின் ஈரம் ஆவியாவதைத் தடுப்பதால் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. அது பானையின் குற்றமல்ல.

புதுப் பானையில் முதல் மூன்று நாள் நீர் நிரப்பி, மறுநாள் காலை செடிக்கு ஊற்றிவிட வேண்டும். மண் வாசனை மணமாக இருந்தால் சரி, வாயில் புழுதியாக வந்தால் யாரும் இரண்டாம் மிடறு குடிக்க மாட்டார்கள். கழுவ சோப்பு கூடாது. துளைகளுக்குள் போன சோப்பு வெளியே வராது. தேங்காய் நாரும் வெறும் நீரும் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் ஊற்றினால் சில வாரங்களில் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து, பானை கசிவதே நின்றுவிடும். தேய்த்துப் பார்க்கலாம், ஓரளவு மீளும். மீளாவிட்டால் புதுப் பானைதான். ஒரு கோடைக்கு இரண்டு பானை உடைந்தோ அடைத்தோ போகும் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்பவர்கள் பாதியில் அலுத்துக்கொள்வதில்லை.

குழாய் வைத்த பானையாக இருந்தால், குயவர் ஈரத்திலேயே துளையிட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். சுட்ட பானையில் பிறகு துளைபோட்டால் மயிரிழை விரிசல் விழுந்து ஒரு வாரத்தில் பிளக்கும். குழாய்க்கு உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து, கையால் மட்டும் முறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டால் பானை போய்விடும். சொட்டினால் வாஷரை மாற்றுங்கள். குடிநீருக்கு உரியதல்லாத பசையை உள்ளே பூசாதீர்கள். குழாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருந்தால் வண்டல் டம்ளருக்கு வராது. ஆனால் அந்த அடிநீர் தானாக வெளியேறாது என்பதால் தினமும் சாய்த்துக் கொட்டியே ஆக வேண்டும். இதைச் செய்யாத பானைகளில்தான் நாலாம் நாள் வாடை வருகிறது.

நேரக் கணக்கும் முக்கியம். காலை பத்து மணிக்கு நிரப்பிய பானை பன்னிரண்டு மணிக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். முதல் நாள் இரவே நிரப்பி வைக்க வேண்டும். மதியம் குறைந்துவிட்டதே என்று மாடித் தொட்டியின் சுடுநீரை அதிலேயே ஊற்றினால் இருந்த குளிர்ச்சியும் கெடும். ஆகவே இரண்டு பானை. ஒன்று காலைக்கு, மற்றொன்று இரண்டு மணிக்குமேல் திறக்க. 20 லிட்டர் என்பது 200 மில்லி டம்ளரில் சரியாக 100 பேருக்கு வரும். முகம் கழுவுகிறவர், பாட்டில் நிரப்பிக்கொள்கிறவர் எல்லாரையும் சேர்த்தால் 60, 70 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். தபால்காரர், பொருள் கொண்டுவரும் இளைஞர்கள், தூய்மைப் பணியாளர்கள், மின் அளவீடு எடுப்பவர், தேர்வு முடிந்து வரும் பிள்ளைகள். ஒரு சாதாரணத் தெருவுக்கு இரண்டு பானை சரியாக இருக்கும். நிரம்பிய பானை 25 கிலோவுக்குமேல் கனக்கும். அதைத் தூக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே குடத்தால் நிரப்புங்கள். நீர் எடுக்கும் குழாய் ஐம்பது அடி தூரத்துக்குள் இருக்கும் இடமாகப் பார்த்து வைப்பதே பாதி வெற்றி. விழாப் பந்தல்கள் புகைப்படத்துக்கு வசதியான முச்சந்தியில் அமைகின்றன. நீரோ மூன்று தெரு தள்ளி இருக்கிறது. முதல் வாரம் தொண்டர்கள் சுமப்பார்கள். இரண்டாம் வாரம் யார்?

நீரின் தூய்மை பற்றி ஒரு வார்த்தை. தினமும் 40 லிட்டர் கொதிக்கவைத்து ஆற்றுவது நடக்கிற காரியமில்லை. தொடங்கினால் விரைவிலேயே நின்றுவிடும். குளோரின் கலந்து வரும் குழாய்நீர் போதும். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையை அட்டையில் எழுதிய அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் பொறுக்கலாம். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது, வெட்டிவேர் வாசனைக்குத்தான். இரவெல்லாம் பானையில் நிற்கும்போது குளோரின் குறைந்துவிடும் என்பதால் பகலில் குடித்து மிஞ்சிய நீரை மறுநாளும் வைத்திருக்கக் கூடாது. பானை வாயை மெல்லிய வேட்டித் துணியால் கட்டி, மேலே தட்டு மூட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும்; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போகாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்து அரைநாள் வெயிலில் காயவைக்க வேண்டும். இரண்டு பானை வைத்திருப்பவர்களுக்கு இதில் சிரமமே இல்லை.

மோர் வைப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் தயிருக்கு ஐந்து லிட்டர் நீர், 25 கிராம் உப்பு, கட்டைவிரல் நீள இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்துமல்லி, சிட்டிகைப் பெருங்காயம், கிடைத்தால் இரண்டு நாரத்தை இலை. இஞ்சியும் மிளகாயும் அரைத்து வடிகட்டிய சாறாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைக்கும். மோர் வெயிலில் நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது. புளித்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். பத்து மணிக்கு ஒரு ஈடு, ஒரு மணிக்கு ஒரு ஈடு என்று கலக்குவதே முறை. ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் மோர் ஊற்றவே கூடாது. புளிப்பில் செம்பு கரைந்து குடித்தவர்களுக்கு வாந்தி வரும். பாரம்பரியமாக இருக்கட்டும் என்று பரணிலிருந்து அண்டாவை இறக்குபவர்கள் முதலில் அதன் உட்புறத்தைப் பார்க்கட்டும். பானகம் வாசலுக்கு ஒத்துவராது. எறும்பும் ஈயும் முதலில் வந்துவிடும்.

இனி டம்ளர். திருடு போகும். இதை எழுதும்போது கோபம் வேண்டியதில்லை. உடையும் பானைபோல இதையும் செலவில் எழுதிவிட வேண்டியதுதான். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் துளைபோட்டுச் சங்கிலி கட்டுகிறார்கள். அந்தத் துளையின் பிசிறு உதட்டைக் கிழிக்கும். பிடி வைத்த குவளையை வாங்கி, பிடியில் நைலான் கயிறு கட்டுங்கள். இரண்டு போதும். பானையின் கீழே ஒரு கல் பாவி, சிந்தும் நீர் ஒரு செடிக்கோ மரத்துக்கோ ஓடும்படி சிறு வாய்க்கால் விடுங்கள். இல்லாவிட்டால் சேறு, சேற்றில் கொசு, கொசுவுக்காகப் பக்கத்து வீட்டுச் சண்டை. கால் கழுவுகிறவர்களைத் திட்டாதீர்கள். கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு வந்தவருக்கு வாயைவிடக் கால்தான் முதலில் தாகப்படுகிறது.

டம்ளர் போனதும் பானையையே உள்ளே எடுத்து வைத்துவிடும் வீடுகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். அங்கே கொடுப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருப்பார். 'நான் இவ்வளவு செய்கிறேன், இவர்கள் இப்படியா?' இந்த நினைப்பு வந்த பிறகு பானை நிலைப்பதில்லை. நன்றி எதிர்பார்ப்பது, யார் குடிக்கிறார்கள் என்று ஜன்னல் வழியே பார்ப்பது, கேமரா வைப்பது என்று அது வளரும். வேலையாக மட்டும் செய்கிறவருக்கு இந்தத் தொந்தரவு வருவதில்லை. பாத்திரம் கழுவியதற்கு யாரும் நன்றி சொல்லவில்லையே என்று பாத்திரம் கழுவுவதை நிறுத்துவோர் உண்டா?

பரிகாரமாக வைக்கப்படும் நீருக்கும் இதே கதிதான். சனிக்கிழமை நீர்தானம் செய்தால் தோஷம் விலகும் என்று யாரோ சொல்ல, சனிக்கிழமை மட்டும் நிறைந்து ஞாயிறு காய்ந்து கிடக்கும் பானைகள் இருக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரில் அமாவாசைக்கு வைத்த கிண்ணம் அடுத்த அமாவாசை வரை பாசியோடு நிற்கும். காகத்துக்குத் திதி தெரியுமா? பறவைக்கு வைப்பதானால் அகலமான மண் தட்டு, ஆழம் இரண்டு அங்குலம், நடுவே ஒரு கூழாங்கல். கல் இல்லாவிட்டால் தேனீக்கள் விழுந்து சாகும். தகரமும் எவர்சில்வரும் பதினோரு மணிக்கே கொதிக்கும். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஆனால் நிழலில். காகம் எலும்பையும் காய்ந்த ரொட்டியையும் ஊறவைத்துவிட்டுப் போகும், ஆகையால் தினமும் கழுவியாக வேண்டும். மாட்டுக்குத் தொட்டி வைப்பவர்கள், கோடையில் ஒரு பசு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர், கறவையானால் அதற்கும் மேல் குடிக்கும் என்று அறிந்து வைக்க வேண்டும். அரிசி கழுவிய நீர் நல்லது. மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மொத்தமாகக் கொட்டுவது மட்டும் வேண்டாம். பெருவயிற்றில் அமிலம் ஏறி மாடு சுருண்டுவிடும், சாகவும் செய்யும். பொங்கலுக்கு அடுத்த நாட்களில் கால்நடை மருத்துவர்கள் அலைவது பெரும்பாலும் இதற்குத்தான். அன்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும்.

பழைய தண்ணீர்ப் பந்தலை அப்படியே போற்றுவதும் சரியில்லை. பந்தலில் ஒருவருக்குச் செம்பில் கொடுத்து, மற்றொருவருக்கு எட்ட நின்று கையில் ஊற்றிய வழக்கம் நம்முடையதுதான். தேநீர்க் கடை இரட்டைக் குவளையின் மூத்த வடிவம் அது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்த பிறகு, 'தண்ணீர் கொடுப்பதில் நாம் சாதி பார்ப்பதில்லை' என்று எழுதிவிட்டு நகர முடியாது. இயல்பாகச் செய்வது எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. பாகுபாடும் நமக்கு இயல்பாகவே வந்தது. குழாய் வைத்த பானையும், எல்லாருக்கும் பொதுவான குவளையும், வாசல் படிக்கு வெளியே பொதுவழியில் உள்ள இடமும் இதைப் பெருமளவு தீர்க்கின்றன. ஊற்றிக்கொடுக்க ஆள் இல்லாத பந்தலே நல்ல பந்தல். தானே திறந்து, தானே குடித்து, யாருக்கும் கைகூப்பாமல் போக முடிய வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். திருவையாற்றுக்கு அருகே திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலைப் பெரியபுராணம் பேசுகிறது. பந்தலில் எழுதியிருந்த பெயர் திருநாவுக்கரசு. வைத்தவர் அவரை அதுவரை கண்டதே இல்லை. அவ்வழியே வந்த திருநாவுக்கரசரே அதைப் பார்த்து, வைத்தவர் வீட்டுக்குப் போய், உம் பெயரை எழுதாமல் வேறு பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். அப்பூதிக்குக் கோபம் வந்துவிடுகிறது. இப்படிக் கேட்க நீர் யார் என்கிறார். சைவ மேடைகளில் இதைக் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பந்தல் வைப்பவர்கள் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. தன் பெயரை ஏன் எழுதவில்லை என்ற கேள்வியே அவருக்குப் புரியவில்லை. இன்றைய பதாகையில் தலைவர் படம் பெரிது, வட்டச் செயலாளர் படம் அதைவிடச் சிறிது, பானை கண்ணுக்கே தெரியாது.

வடலூர் தருமச்சாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜோதியைப் பற்றி எழுதுகிறார்கள். விறகு எப்போது வருகிறது, ஈர விறகை எப்படிச் சமாளிக்கிறார்கள், சாம்பலை யார் அள்ளுகிறார்கள் என்று எழுதினால் தேவலை. ஒன்றரை நூற்றாண்டு எரிந்ததன் விடை அங்கேதான் இருக்கும்.

இப்போது நகரங்களில் புதிதாக ஒன்று கேள்விப்படுகிறோம். செடிக்கு நீர் ஊற்றும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஒவ்வொரு கணத்தையும் கவனித்துச் செய்யப் பயிற்சி தருகிறார்களாம், கட்டணத்தோடு. மன உளைச்சல் உள்ளவர்களுக்கு அது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் அதையே ஆன்மிகத்தின் உச்சம் என்று எழுதும்போது, நாற்பது வருடமாகப் பானை நிரப்பி வருகிற ஒருத்தி அதில் தேறாதவளாகிவிடுகிறாள். அவள் கவனம் தன் மூச்சில் இல்லை. பானையில் எவ்வளவு நீர் இருக்கிறது, குழாய் சொட்டுகிறதா, எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறதே இன்று பத்துப் பேர் கூடுதலாக வருவார்களே என்பதில் இருக்கிறது. அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போகிற போக்கில் ஒரு குடம் தண்ணீர் சுமந்து கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழாப் படங்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள்ள கட்டாயங்கள் புரிகின்றன. படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள்: தினமும் நிரப்பும் பொறுப்பு யாருடையது, நீர் எங்கிருந்து வருகிறது, எந்த நாள் வரை. நிருபர் கேட்டாலே போதும், பதில் இல்லாத பந்தல்கள் தாமாகக் குறையும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது அதே இடங்களுக்கு ஒருமுறை புகைப்படக்காரரை அனுப்பிப் பானைக்குள் மட்டும் படமெடுத்து வரச் சொல்லுங்கள். மாநகராட்சி, பேரூராட்சிகளுக்கும் ஒன்று: புதுப் பந்தல் போடுவதற்குப் பதில், ஏற்கெனவே வாசலில் பானை வைத்திருக்கும் வீடுகளின் பக்கத்தில் ஒரு பொதுக்குழாயைக் கோடை மூன்று மாதம் தடையின்றி ஓடவிட்டாலே போதுமானது. அந்த வீடுகளுக்குப் பாராட்டு விழா எதுவும் நடத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.